அடுத்த பந்து

நுழையும்முன்

டென்னிஸ் ஆட்டத்தில் உடலின் வலிமையும் மட்டை வீச்சின் விரைவும் கண்ணுக்குத் தெரிபவை. ஒரு புள்ளியை இழந்த ஆட்டக்காரர் அடுத்த பந்தை எதிர்கொள்ளும் வரை அவருடைய உள்ளத்தில் நிகழ்வதோ கண்ணுக்குத் தெரியாதது. இவ்விரண்டையும் பழக்கத்தால் வளர்த்துக்கொண்ட ஆட்டக்காரர் சிலரின் வாழ்வைக் கொண்டு, ஆட்டத்தில் முன்னேறும் வழிகளை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

2019ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள். இலண்டனில் விம்பிள்டன் போட்டியின் ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டம். ஐந்தாம் செட்டில் ரோஜர் ஃபெடரர் எட்டுக்கு ஏழு என முன்னிலையில் இருந்தார். சர்வீசும் அவர் கையில் இருந்தது. அந்தக் கேமில் புள்ளிக் கணக்கு 40-15. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. அந்தப் புள்ளியை எடுக்க அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகள். முதல் வாய்ப்பில் அவர் முன்கையால் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. இரண்டாம் வாய்ப்பில் அவர் வலையை நோக்கி முன்னேறி வந்தார். நோவக் ஜோகோவிச் அடித்த பந்து அவரைக் கடந்து குறுக்காகச் சென்று களத்திற்குள் விழுந்தது. நான்கு மணி ஐம்பத்தேழு நிமிடம் நீடித்த அந்த ஆட்டத்தில் இறுதியில் ஜோகோவிச்சே வென்றார்.

ஆட்டம் முடிந்தபின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தவர்கள் வியந்தனர். தோற்ற ஃபெடரர் எடுத்தவை 218 புள்ளிகள். வென்ற ஜோகோவிச் எடுத்தவை 204. பதினான்கு புள்ளிகள் கூடுதலாக எடுத்தவர் தோற்றுவிட்டார்!

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றிய ஃபெடரர், தம் வாழ்நாள் கணக்கு ஒன்றை மாணவர் முன் வைத்தார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1526. அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அவர் வென்றார். ஆனால், அந்த ஆட்டங்களில் அவர் எடுத்த புள்ளிகள் 54 விழுக்காடு மட்டுமே. உலகின் முதல்நிலை ஆட்டக்காரராகப் பல ஆண்டுகள் விளங்கியவர் நூறு புள்ளிகளில் நாற்பத்தாறை இழந்திருக்கிறார். ஆடும்போது அந்தப் புள்ளியே உலகில் தலையாயது என்று கருத வேண்டும். முடிந்துவிட்டால் அதனை முடிந்ததாகவே விட்டுவிட வேண்டும் என்பது அவர் இக்கணக்கிலிருந்து பெற்ற பாடம்.

டென்னிஸ் பயில வரும் இளைஞர் இந்தக் கணக்கை முதலில் மனத்தில் கொள்வது நல்லது. பிழையே இல்லாமல் ஆடுவது எவராலும் இயலாத செயல். பிழை நேர்ந்த மறு நொடியில் என்ன செய்வது என்பதே பயிற்சியால் கற்கத் தக்கது.

தனித்து நிற்கும் ஆட்டம்

கிரிக்கெட்டில் ஆட்டமிழந்த மட்டையாளர் ஓய்வறைக்குத் திரும்பிவிடலாம். கால்பந்தில் ஒருவர் செய்த பிழையை மற்றப் பத்துப் பேர் ஈடுசெய்யலாம். ஒற்றையர் டென்னிஸில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. பிழை செய்தவரே, அதே இடத்தில், அதே மட்டையுடன் மீண்டும் நிற்க வேண்டும். ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வீஸ் தொடங்குவதற்கு விதிகள் அளிக்கும் நேரம் 25 நொடி. ஆட்டத்தின் நடுவே பயிற்றுநர் ஒரு சொல் உரைப்பதற்கும் நெடுங்காலம் தடை இருந்தது. அண்மை ஆண்டுகளில்தான் அது தளர்ந்துள்ளது. ஆகவே இவ்வாட்டத்தில் ஆட்டக்காரர் தமக்குத் தாமே பயிற்றுநராகவும் இருக்க வேண்டியுள்ளது.

நேரமோ மிகக் குறைவு. உயர்நிலை ஆட்டங்களில் சர்வீஸ் செய்யப்படும் பந்து மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுக்கும் விரைந்து வரும். அது எதிர்முனையை அடைய ஒரு நொடி கூட ஆகாது. அந்நேரத்திற்குள் பந்தின் திசையறிந்து, காலெடுத்து வைத்து, மட்டையைப் பின்னிழுத்து வீச வேண்டும். நின்று எண்ணி முடிவெடுக்க நேரமில்லாத இடத்தில் பழக்கமே முடிவெடுக்கிறது. அதனால்தான் எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் இரு கால்களாலும் சிறிதாகத் துள்ளி இறங்கும் பழக்கத்தைத் தொடக்க நிலையிலேயே பயிற்றுவிக்கின்றனர். துள்ளி இறங்கிய கால்கள் எத்திசையிலும் விரைந்து பாயும். தரையில் ஊன்றி நிற்கும் கால்கள் தாமதிக்கும். பார்வையாளர் எவரும் இத்துள்ளலைக் கவனிப்பதில்லை. நல்ல ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் பல நூறு முறை இதைச் செய்கிறார்.

தெரிந்து தெளிவோம்

டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்திற்கான அகலம் 8.23 மீட்டர். வலையின் உயரம் நடுவில் 91.4 சென்டிமீட்டர், இருபுறக் கம்பங்களின் அருகில் 107 சென்டிமீட்டர். களத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்முனையின் குறுக்கு மூலைக்கு உள்ள தொலைவு 25 மீட்டருக்கும் சற்று மிகுதி. எனவே குறுக்காக அடிக்கும் பந்து தாழ்ந்த வலையைக் கடக்கிறது. விழுவதற்கு நீண்ட இடமும் பெறுகிறது. நேராக அடிக்கும் பந்துக்கு இவ்விரு வசதிகளும் இல்லை. நெருக்கடியில் குறுக்கடியை நாடுமாறு பயிற்றுநர்கள் அறிவுறுத்துவதன் காரணம் இந்த அளவுகளே.

கையில் ஏறும் பழக்கம்

ஒரே அடியை நூறு முறை, ஆயிரம் முறை அடித்துப் பழகினால் அது கையில் படிந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. தொடக்க நிலையில் மட்டைப் பிடியும் வீச்சின் வடிவமும் படிவதற்கு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது தேவை. சுவரில் பந்தடித்துப் பழகுவது இதற்கு எளிய வழி. சுவர் சோர்வதில்லை, பிழை செய்வதுமில்லை. ஆனால், வடிவம் ஓரளவு படிந்தபின் அதே முறையைத் தொடர்வது ஏமாற்றத்தில் முடியும்.

1979ஆம் ஆண்டில் ஜான் ஷே, ராபின் மார்கன் என்னும் ஆய்வாளர்கள் கை இயக்கங்கள் சிலவற்றை இரு குழுவினருக்குக் கற்பித்தனர். தற்செயலாக அந்த ஆய்விலும் ஒரு டென்னிஸ் பந்து இடம்பெற்றது. பந்தைக் கையிலேந்தி, மரத்தடுப்புகளைக் குறித்த வரிசையில் தட்டிவிட வேண்டும். ஒரு குழு ஒவ்வோர் இயக்கத்தையும் முழுமையாகப் பழகி முடித்த பின்னரே அடுத்ததற்குச் சென்றது. மற்றொரு குழு எல்லா இயக்கங்களையும் முறைமாற்றிக் கலந்து பழகியது. பயிற்சியின்போது முதற்குழுவே விரைவாகத் தேறியது. சில நாள் கழித்து நடந்த தேர்விலோ கலந்து பழகிய குழுவே சிறந்து நின்றது. பயிற்சியில் தடுமாறியது, கற்றதை நினைவில் நிறுத்த உதவியது.

டென்னிஸ் களத்தில் இதன் பொருள் தெளிவு. பயிற்றுநர் ஒரே இடத்துக்குப் பந்தை எறிய, மாணவர் ஒரே அடியை ஐம்பது முறை அழகாக அடித்துவிட்டு மனநிறைவுடன் வீடு திரும்பலாம். போட்டியிலோ ஒரே வகைப் பந்து இருமுறை தொடர்ந்து வருவதில்லை. முன்கை, பின்கை, வலையருகே பந்து தரையில் படுமுன் அடிப்பது, தலைக்குமேல் எழும் பந்தை அடிப்பது ஆகியன கலந்துவரும் பயிற்சியில் பிழைகள் கூடும். அன்றைய பயிற்சி மோசமாக நடந்ததுபோலவும் தோன்றும். அந்தத் தோற்றத்தைக் கண்டு மனந்தளராமல் இருப்பதே ஒரு பயிற்சிதான்.

சர்வீஸ் மட்டும் இதற்கு விலக்கு. எதிராளியின் தலையீடு சிறிதுமின்றி முழுமையாக ஆட்டக்காரரின் கையிலேயே இருக்கும் ஒரே அடி அதுவாகும். துணைக்கு எவரும் இல்லாத நாளிலும் ஒரு கூடை பந்துடன் தனியே சென்று பழகலாம். சர்வீசில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை மட்டையில் தொடங்குவதில்லை. பந்தை மேலே எறியும் மற்றக் கையில் தொடங்குகின்றன. பந்தை எறிந்துவிட்டு அடிக்காமல் விழவிட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். பத்து முறை எறிந்த பந்து பத்து இடங்களில் விழுமானால் வீச்சைத் திருத்துவதால் பயனில்லை. பெரும்பாலான இளைஞர்கள் இரண்டாம் சர்வீசைப் பயிற்சியில் புறக்கணிக்கின்றனர். விரைந்து பாயும் முதல் சர்வீசை அடிப்பதில் இன்பம் மிகுதி என்பதே காரணம். இரண்டாம் சர்வீசை மட்டுமே கொண்டு ஒரு செட் முழுவதும் ஆடிப் பழகியவருக்குப் போட்டியில் அச்சம் குறையும்.

நாகர்கோவிலில் பிறந்த மென்மை

வலிமையே வெற்றி என்னும் எண்ணத்தைத் தம் ஆட்டத்தால் பொய்யாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணன். 1937ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்தவர். அவருடைய தந்தை டி.கே. இராமநாதனும் டென்னிஸ் ஆட்டக்காரர். மகனுக்கு முதல் ஆசானும் அவரே. கிருஷ்ணனின் சர்வீஸ் எதிராளியை நடுங்கவைக்கும் வகையினதன்று. உலகத் தரத்தில் அதனை மென்மையானது என்றே கூற வேண்டும். அவருடைய படைக்கலன் வேறு. பந்தை எழும் நிலையிலேயே சந்திக்கும் நேரக்கணிப்பு, எதிராளி இல்லாத இடத்தைக் கண்டறியும் பார்வை, அந்த இடத்தில் பந்தைக் கொண்டுசேர்க்கும் கைத்திறம் ஆகியவற்றையே அவர் நம்பினார்.

1954இல் தம் பதினேழாம் அகவையில் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை அவர் வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. அன்று அவரிடம் தோற்ற ஆஸ்திரேலியரான ஆஷ்லி கூப்பர் பின்னாளில், 1958இல், விம்பிள்டன் முதன்மைப் பட்டத்தையே வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். முதலாம் ஆண்டு நீல் ஃபிரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவருமே அந்தந்த ஆண்டின் பட்டத்தை வென்றவர்கள். 1961 கால் இறுதியில் வலிமைமிக்க ராய் எமர்சனை நேர் செட்டுகளில் அவர் வீழ்த்தியது, மென்மை என்பது வலிவின்மை ஆகாது என்பதற்குச் சான்று.

அவருடைய மனத்திண்மைக்குச் சான்றாக நினைவுகூரப்படுவது 1966ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைப் போட்டி. கல்கத்தாவில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. வென்ற அணி ஆஸ்திரேலியாவுடன் கோப்பைக்காக ஆடும். இரு அணிகளும் இரண்டிரண்டு ஆட்டங்களை வென்றிருந்தன. இறுதி ஆட்டத்தில் கிருஷ்ணனை எதிர்த்தவர் தோமாஸ் கோக் என்னும் இடக்கை ஆட்டக்காரர். மூன்று செட்டுகள் முடிவில் கோக் இரண்டை வென்றிருந்தார். நான்காம் செட்டில் ஐந்துக்கு இரண்டு என முன்னிலை பெற்றார். இன்னும் ஒரு கேம் அவர் வென்றால் இந்தியாவின் கதை முடியும்.

அந்நிலையில் ஐந்து கேம்களைத் தொடர்ச்சியாக வென்று அந்தச் செட்டை 7-5 எனக் கிருஷ்ணன் கைப்பற்றினார். ஐந்தாம் செட்டையும் வென்றார். அதுவரை எட்டாத டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை இந்தியா எட்டியது. புதிதாக எந்த வலிமையும் அந்த ஒரு மணிப்பொழுதில் அவருக்கு வந்துவிடவில்லை. ஐந்து கேம்களை ஒன்றாக எண்ணினால் அது மலை. ஒவ்வொரு பந்தாக எண்ணினால் அவர் சிறு அகவை முதல் செய்துவந்த வேலை. மெல்பர்னில் நடந்த இறுதிச் சுற்றில் இந்தியா ஒன்றுக்கு நான்கு எனத் தோற்றது. அந்த ஒரு வெற்றியைத் தந்தது, ஜெய்தீப் முகர்ஜியுடன் இணைந்து ஜான் நியூகோம்ப், டோனி ரோச் இணையைக் கிருஷ்ணன் வென்ற இரட்டையர் ஆட்டம்.

மூன்றாம் தலைமுறையிலும் இம்மரபு தொடர்ந்தது. கிருஷ்ணனின் மகன் இரமேஷ் கிருஷ்ணன் பாட்டனாரிடம் பயின்றார். 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சுப் போட்டி ஆகிய இரண்டிலும் இளையோர் பட்டங்களை வென்றார். அவருடைய சர்வீசும் மென்மையானதே. விரைவே ஆட்சி செய்த 1980களில் அவர் தம் குடும்ப ஆட்டமுறையைக் கைவிடவில்லை. 1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை நேர் செட்டுகளில் வென்றார். புகழ்பெற்றவர் ஒருவரின் வீச்சை அப்படியே நகலெடுக்க விரும்பும் இளையோர், தம் உடலுக்கும் இயல்புக்கும் பொருந்தும் ஆட்டம் எது என்று கேட்டுக்கொள்ள இக்குடும்பத்தின் வரலாறு உதவும்.

பின்னடைவை ஏற்கும் துணிவு

இயல்பைக் காத்தல் ஒரு பக்கம் என்றால், தேவைப்படும் இடத்தில் மாற்றிக்கொள்ளுதல் மறுபக்கம். அமெரிக்காவின் பீட் சாம்ப்ராஸ் சிறுவனாக இருந்தபோது இரு கைகளாலும் மட்டையைப் பற்றிப் பின்கை அடியை அடித்துவந்தார். தம் அகவையினரிடையே வெற்றிகளும் பெற்றுவந்தார். அவருக்குப் பயிற்சியளித்துவந்த பீட் ஃபிஷர் தொழிலால் குழந்தை மருத்துவர். விம்பிள்டன் புல்தரையில் வெல்ல வேண்டுமானால் ஒற்றைக்கைப் பின்கை அடி தேவை என்று அவர் கருதினார். சாம்ப்ராஸ் தம் பதினான்காம் அகவையில் அடியை மாற்றினார்.

உடனே தோல்விகள் தொடங்கின. முன்பு தம்மிடம் தோற்றவர்களிடமெல்லாம் அவர் தோற்றார். பதினான்கு அகவைச் சிறுவனுக்கு இது எளிய செய்தியன்று. பெற்றோருக்கு அதைவிடக் கடினம். ஆனாலும் பழைய அடிக்கு அவர் திரும்பவில்லை. 1990இல், பத்தொன்பதாம் அகவையில், அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்று அப்போட்டியின் மிக இளைய ஆடவர் வெற்றியாளரானார். பின்னர் விம்பிள்டன் பட்டத்தை ஏழு முறை வென்றார்.

இம்மாதிரி மாற்றங்கள் அனைத்தும் வெற்றியில் முடியும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், மாதந்தோறும் கோப்பை கொண்டுவர வேண்டும் என்று சிறாரை நெருக்கும் சூழலில் எந்த மாற்றமும் இயலாது என்பது உறுதி. இந்த வாரப் போட்டியில் வெல்வதற்காகப் பந்தை உயரத் தூக்கித் தூக்கி அடித்தே காலம் கடத்தும் சிறுவன், இரண்டு ஆண்டுகள் கழித்து அடிக்கத் தெரியாத இளைஞனாக நிற்பான். பத்து அகவைக்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று 2012இல் உலக டென்னிஸ் கூட்டமைப்பு விதி வகுத்தது. தலைக்குமேல் எழும் பந்துடன் போராடாமல், இடுப்பளவில் வரும் பந்தை முறையாக அடித்துச் சிறார் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இருபத்தைந்து நொடி

ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரம் நடந்தால் பந்து களத்தில் உயிருடன் இருக்கும் நேரம் அதில் சிறு பகுதியே. எஞ்சிய பெரும்பொழுது புள்ளிகளுக்கு இடையிலும் இடம் மாறும் இடைவேளையிலும் கழிகிறது. சிறந்த ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை அடிகளில் தேடிய அமெரிக்க உளவியலாளர் ஜிம் லோர், அதனை இந்த இடைநேரத்தில் கண்டார். சிறந்தவர்கள் புள்ளி முடிந்ததும் முகம் திருப்பி நடந்தனர். மூச்சை இழுத்து விட்டனர். பார்வையை மட்டையின் நரம்புகளில் நிறுத்தினர். பின்னர் அடுத்த புள்ளிக்கான முடிவை எடுத்து, பந்தைத் தரையில் தட்டித் தொடங்கினர். வென்ற புள்ளிக்குப் பின்னும் இழந்த புள்ளிக்குப் பின்னும் இவ்வொழுங்கு மாறவில்லை.

ரஃபேல் நடால் தம் குடிநீர்ப் புட்டிகளை ஒரே வரிசையில், ஒரே கோணத்தில் அடுக்கிவைப்பதைக் கண்டு நகைத்தவர் பலர். தம்மைச் சுற்றி உள்ளவற்றை ஒழுங்குபடுத்தினால் உள்ளமும் ஒழுங்குபடும் என்பது அவர் தரும் விளக்கம். அவருடைய சிற்றப்பாவும் பயிற்றுநருமான டோனி நடால், தேய்ந்த பந்துகளையும் மேடுபள்ளமான களங்களையும் வேண்டுமென்றே தேர்ந்து பயிற்சி அளித்தவர். பந்து சரியில்லை, களம் சரியில்லை என்னும் முறையீட்டிற்கு அங்கு இடமில்லை. இத்தனை ஆண்டுகள் ஆடியும் சினத்தால் நடால் ஒரு மட்டையையும் உடைத்ததில்லை.

அமைதி பிறவிக் குணம் என்று எண்ணுவோர் ஃபெடரரின் இளமையை அறிய வேண்டும். மட்டையை எறிவதும் களத்திலேயே கண்ணீர் விடுவதுமாக இருந்தவர் அவர். பதினாறாம் அகவையில், தாம் பயின்ற சுவிட்சர்லாந்துத் தேசியப் பயிற்சி மையத்தில், எறிந்த மட்டையால் புதிய திரைச்சீலை ஒன்றைக் கிழித்து, அதற்குத் தண்டனையாக விடியற்காலையில் துப்புரவுப் பணி செய்தார். பின்னாளில் உலகம் வியந்த அமைதி, இந்தச் சிறுவன் பயின்று பெற்றது.

பயின்று பெறுவது எனில் அதற்குரிய இடம் பயிற்சிக் களமே. ஆனால், பயிற்சியில் ஒரு பந்து வெளியே போனதும் பையிலிருந்து அடுத்த பந்தை எடுத்து உடனே அடிப்பதே வழக்கமாக உள்ளது. இதனால் பிழைக்கும் அடுத்த அடிக்கும் இடையே நிற்கும் பழக்கம் ஏற்படுவதில்லை. பயிற்சி ஆட்டங்களிலும் இருபத்தைந்து நொடி ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். ஒவ்வொரு கேமையும் 15-40 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து தொடங்கி ஆடலாம். நெருக்கடி பழகிய முகமாகிவிட்டால் அதனைக் கண்டு கை நடுங்காது.

இடைவேளையைச் சிந்தனைக்குப் பயன்படுத்தியவருள் ஆர்தர் ஆஷ் குறிப்பிடத்தக்கவர். 1975 விம்பிள்டன் இறுதியில் அவரை எதிர்த்த ஜிம்மி கானர்சிடம் அதற்குமுன் மூன்று முறை ஆடி மூன்றிலும் தோற்றிருந்தார். ஆஷ் வலிமையாக அடித்து ஆடுபவர். கானர்சோ வலிமையான பந்தை அதைவிட வலிமையாகத் திருப்புபவர். அன்று ஆஷ் தம் இயல்பான வேகத்தைக் கைவிட்டு, மெதுவாகவும் தாழ்வாகவும் பந்தை அனுப்பினார். இடைவேளைகளில் நாற்காலியில் கண்மூடி அமர்ந்தார். மூன்றாம் செட்டை இழந்தபோதும் திட்டத்தை மாற்றவில்லை. 6-1, 6-1, 5-7, 6-4 என வென்று, விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார்.

களத்திற்கு வெளியே

உடலைப் பேணும் செய்திகள் பலரும் அறிந்தவையே. ஆடுமுன் உடலைச் சூடேற்றுதல், கயிறு தாண்டுதல், போதிய உறக்கம், வெயிலில் ஆடும்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துதல் ஆகியன அவை. பயிற்சியின் அளவைத் திடீரென இரட்டிப்பதே தோள், முழங்கை வலிகளுக்குப் பெரிதும் காரணமாகிறது. முழங்கையின் வெளிப்புறத்தில் தோன்றும் வலிக்கு இவ்வாட்டத்தின் பெயரே சூட்டப்பட்டுள்ளது என்பதை இங்குக் கருதலாம்.

அதிகம் பேசப்படாத பழக்கம் ஒன்றுண்டு, அது குறிப்பேடு. ஆட்டம் முடிந்த அன்றிரவு முடிவை எழுதுவதால் பயன் சிறிதே. எப்புள்ளிகளில் கை இறுகியது, எவ்வகைப் பந்துக்குக் கால் தாமதித்தது, எதிராளியின் எந்த அடி தொல்லை தந்தது என்று மூன்று நான்கு வரிகள் எழுதினால் போதும். மறுவாரப் பயிற்சியை அவ்வரிகளே வகுத்துத் தரும். 'நன்றாக ஆடவில்லை' என்னும் ஒற்றை வரி எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை.

உள்ளமா, கையா என்று பிரித்தறியவும் இக்குறிப்பு உதவும். எல்லாப் பிழைகளையும் மனத்தின் மேல் ஏற்றிக் கூறும் வழக்கம் இன்று மிகுந்துள்ளது. பெலாரஸ் நாட்டின் அரினா சபலென்காவின் வாழ்வில் நிகழ்ந்தது அதற்கு மாறானது. 2022ஆம் ஆண்டில் அவருடைய சர்வீஸ் முற்றிலும் குலைந்தது. இரண்டு சர்வீஸ் வாய்ப்பையும் வீணாக்கிப் புள்ளியை இழக்கும் இரட்டைப் பிழையை அவ்வாண்டில் நானூறு முறைக்கு மேல் செய்தார். அடிலெய்டு நகரில் ஒரே ஆட்டத்தில் 21 இரட்டைப் பிழைகள் நேர்ந்தன. பந்து களத்தில் விழுந்தால் போதும் என்று கையைத் தாழ்த்தி அடிக்கும் நிலைக்கும் தள்ளப்பட்டார். உளவியலாளரின் துணையை அவர் முன்பே நாடியிருந்தார். அதனால் சர்வீஸ் சீராகவில்லை. பின்னர் உடலியக்க வல்லுநர் ஒருவர் அவருடைய சர்வீஸ் வீச்சைப் பகுத்தாராய்ந்து, அதன் அமைப்பில் இருந்த குறையைக் கண்டறிந்தார். வீச்சு புதிதாக அமைக்கப்பட்டது. கை நம்பத் தக்கதானதும் அச்சம் குறைந்தது.

2023ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியாட்டம். எலினா ரிபாகினாவிடம் முதல் செட்டை இழந்த சபலென்கா இரண்டாம் செட்டை வென்று, மூன்றாம் செட்டில் ஐந்துக்கு நான்கு என முன்னிலை பெற்றிருந்தார். சர்வீஸ் அவருடையது. பட்டத்திற்கான முதல் புள்ளி வாய்த்தது. அரங்கம் அடங்கியது. அவர் இரட்டைப் பிழை செய்தார்.

அவர் கோட்டிற்குத் திரும்பி நடந்தார். பந்தைக் கையில் வாங்கினார். மீண்டும் சர்வீஸ் செய்தார். மேலும் இரண்டு வாய்ப்புகள் வந்து கைநழுவின. நான்காம் வாய்ப்பில் ரிபாகினா அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. சபலென்கா மட்டையை விட்டுவிட்டுக் களத்தில் மல்லாந்து படுத்தார்.